பதிவேட்டில் இரண்டு வெர்லின்

அத்தியாயம் 5

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணி. கஸ் பெல்கார்ட் காட்டரிசி சூப்பில் இரண்டாவது கரண்டியை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில், கதவைத் தட்டாமலே ஒரு தொப்பி உள்ளே வந்தது. தொப்பிக்குக் கீழே அறுபத்தெட்டு வயதில் ஒரு விவசாயி இருந்தார்.

"இங்க துப்பறியிறவங்க யாரு?"

கஸ் கரண்டியாலேயே ஜன்னலோர மேசையைக் காட்டினான். "அவங்க துப்பறிவாங்க. நான் வண்டி ஓட்டுவேன். ரெண்டும் சேர்ந்தாத்தான் எங்கேயாவது போய்ச் சேர முடியும்."

மேசைக்குப் பின்னாலிருந்த மார்கிட் ட்வெய்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். டோவ்ரே கவுண்டியின் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, டிராக்டர் நம்பர் பலகையிலிருந்து கல்யாண லைசென்ஸ் வரை எழுதிக் கொடுத்தவள். ஒருநாள் எழுந்து வந்து, ஹார்டுவேர் கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டாள். மனிதர்கள் யாரிடம் பொய் சொன்னாலும், படிவம் நிரப்பும்போது மட்டும் தங்களையறியாமல் உண்மையைக் கொட்டிவிடுவார்கள் என்பது அவள் கொள்கை. அதே கவுண்டியின் சாலைத் துறையில் ஒன்பது வருஷம் சரளைச் சாலை நிரவும் இயந்திரம் ஓட்டிய கஸ்ஸுக்குக் கொள்கை எதுவும் கிடையாது. பசி உண்டு.

"உட்காருங்க. என்ன விஷயம்?"

"என் பேரு வெர்லின் சோர்பி. அந்தப் பேரை எவனோ திருடிட்டான்."

"பேரையா?" என்றான் கஸ். "டிராக்டரைத் திருடுவாங்க, மாட்டைத் திருடுவாங்க. இதை வச்சு என்ன பண்ணப் போறான் பாவம்?"

வெர்லின் அவனைச் சட்டை செய்யாமல் ஒரு கடிதத்தை நீட்டினார். அதில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மார்கிட் உரக்கப் படித்தாள்.

"'கவுண்டியின் அவசர உதவிப் பதிவேட்டில் வெர்லின் சோர்பி என்ற பெயரில், வெவ்வேறு முகவரிகளில் இரண்டு பேர் இருப்பதாகத் தெரிகிறது. குடியிருப்புச் சான்று காட்டாதவரின் பதிவு நீக்கப்படும். அடுத்த சேர்க்கை ஏப்ரலில்.' கெடு இன்னிக்குச் சாயங்காலம் நாலரை. லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு. இத்தனை நாள் என்ன பண்ணினீங்க?"

"ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்தேன்."

"பத்திரமா இருக்கட்டும்னு," என்றான் கஸ்.

அவர் சொன்ன கதை இது. செப்டம்பரில் ஒரு காலை, கொட்டகையில் நெஞ்சு படபடத்தது. தட்டுத்தடுமாறி வீட்டுக்குள் வந்து, கைப்பேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, பேரைச் சொல்லிவிட்டுச் சமையலறைத் தரையில் படுத்துவிட்டார். பத்து நிமிஷத்தில் வரவேண்டிய வண்டி அதற்குமேல் இருபத்திரண்டு நிமிஷம் பிந்தி வந்தது. முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒன்பது மைல் தள்ளி, ரிவர் ரோடு 8841-க்குப் போயிருக்கிறது. அன்று பதிவேட்டில் வெர்லின் சோர்பியின் வீடு அதுதானாம்; இவருடைய முகவரியை ஆம்புலன்ஸ்காரர்கள் அதற்குப் பிறகுதான் அதில் சேர்க்கச் சொன்னார்களாம்.

"இந்தக் கவுண்டியில வெர்லின் சோர்பின்னா நான் ஒருத்தன்தான். அவன் யாருன்னு கண்டுபிடிங்க."

"அதுக்கு முன்னாடி நீங்க யாருன்னு காட்டணுமே. வீட்டு வரி ரசீது?"

"அப்பா பேர்ல வருது."

"அப்பா எங்க?"

"செத்து இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"செத்த பிறகும் வரி கட்டறாரே, மனுஷன்னா அவருதான் மனுஷன்," என்றான் கஸ்.

"டிரைவிங் லைசென்ஸ்?"

"அதுல தபால் பெட்டி நம்பர்தான் இருக்கு."

"லைப்ரரி கார்டு? சளிக்காய்ச்சல் ஊசி போட்ட சீட்டு? மண் பரிசோதனை? குப்பை எரிக்க அனுமதி? ஏதாவது ஒரு கவுண்டி காகிதம்?"

வெர்லின் நெஞ்சை நிமிர்த்தினார். "நாப்பது வருஷமா இந்தக் கவுண்டிகிட்ட ஒரு துரும்பு கேட்டதில்ல நான்."

"கேட்டிருந்தா இன்னிக்கு அந்தத் துரும்பாவது கையில இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு, கஸ் மனசில்லாமல் சூப்பை மூடிவைத்தான். மார்கிட் ஏற்கெனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் வரை இந்த மனிதர் பதிவேட்டில் இல்லாமல் போனால், இடுப்பளவு பனியில் அவர் நெஞ்சு இன்னொரு தடவை படபடத்தால், வண்டி மறுபடியும் ஒன்பது மைல் தள்ளித்தான் போய் நிற்கும். அதைச் சொல்லிக் காட்டத் தேவையிருக்கவில்லை.

கவுண்டி அலுவலகத்தில், அவசர உதவிப் பதிவேட்டு ஜன்னலில் டெல்மா ரஸ்டாட் இருந்தாள். மார்கிட்டுக்குப் பக்கத்து ஜன்னலில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவள். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

"ஃபைலைக் கையில குடுக்க முடியாது மார்கிட். தகராறுல இருக்கிறவர் நேர்ல வந்திருக்கிறதால படிச்சுக் காட்டலாம்."

"படி."

டெல்மா தொண்டையைச் செருமினாள். "வெர்லின் சோர்பி, ரிவர் ரோடு 8841. வெள்ளம் வந்தா முதல்ல மீட்க வேண்டியவங்க பட்டியல்ல எட்டு வருஷமா இருக்கார். குறிப்பு: 'இடது காது மந்தம். இடிச் சத்தத்துக்குப் பயம். படகில் தானாக ஏறமாட்டார், தூக்கி ஏற்ற வேண்டும். வீட்டில் தனியாக விடக்கூடாது.'"

"ஐயோ பாவம்," என்றான் கஸ். "பேரைத் திருடறதுக்கே ரெண்டு ஆள் துணைக்கு வந்திருப்பாங்க போலிருக்கே."

"தடுப்பூசி ஒண்ணுவிடாம போட்டிருக்கார். மே மாசம் கவுண்டி முகாமுக்கு வந்துடுவார். 'புதியவர்களைக் கண்டால் கோபம் வரும், உணவு கொடுத்தால் அடங்கிவிடுவார்'ன்னு எழுதியிருக்கு."

"அது என் குறிப்பு இல்லையே?"

"கஸ், சும்மா இரு," என்றாள் மார்கிட். "டெல்மா, படிவத்துல கையெழுத்து யாரோடது?"

"வி. சோர்பி."

வெர்லின் ஜன்னல் பலகையில் ஓங்கித் தட்டினார். "அயோக்கியன்! என் பேர்ல ஊசியெல்லாம் போட்டுக்கறான்!"

"அவர்கிட்ட எட்டு வருஷக் காகிதம் இருக்கு," என்றாள் டெல்மா கறாராக. "உங்ககிட்ட ஒண்ணுமில்ல. காகிதத்தைப் பார்த்தா அவர்தான் வெர்லின். நீங்கதான் யாரோ."

கிழவர் ஜன்னல் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கஸ்ஸுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொறுமையாக நின்றுகொண்டிருந்த மார்கிட், பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு வெள்ளைப் படிவத்தை உருவினாள். எந்த அடுக்கில் எது இருக்கும் என்பது இன்னும் அவள் விரல்களுக்கு மறக்கவில்லை.

"ஆம்புலன்ஸ் எங்கெங்க போச்சு, யார் என்ன சொன்னாங்கன்னு ஓட்டுநர் எழுதி வைப்பார். நோயாளி விண்ணப்பிச்சா அதோட நகலைக் குடுத்தாகணும். மிஸ்டர் சோர்பி, இங்க ஒரு கையெழுத்து."

"நான் யார்கிட்டயும் எதையும் கேக்க மாட்டேன்."

"நீங்க கேக்க வேண்டாம். காகிதம் கேக்கும். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் போட்டார். கால் மணி நேரத்தில் நகல் வந்தது. மார்கிட் அதை ஒரு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். அவள் உதட்டோரம் மெல்லத் துடித்தது. தூண்டிலில் மீன் மாட்டிவிட்டது என்று கஸ்ஸுக்குப் புரிந்தது.

"கேளுங்க. '8841-இல் நோயாளி இல்லை. வீட்டிலிருந்த பெண்மணி, நாங்கள் தேடும் நபரின் வீடு ஆற்றுக்கு அப்பால் என்று கூறி வழி சொன்னார். பாலத்தில் பலகை இல்லை, தானியக் கிடங்கைச் சுற்றிப் போகச் சொன்னார். முன்கதவில் ஆணி அடித்திருக்கும், தட்டி நேரத்தை வீணாக்காமல் சமையலறை வழியாகப் போகச் சொன்னார்.'"

"அதனால என்ன?" என்றார் வெர்லின்.

"பேரைத் திருடின வீட்டுல, பேருக்குச் சொந்தக்காரன் பிழைக்கட்டும்னு வழி சொல்லி அனுப்புவாங்களா? உங்க முன்கதவுல ஆணி அடிச்சிருக்கா?"

"அடிச்சிருக்கு. குளிர்காத்து வருதுன்னு அடிச்சேன். பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. வேற யாரு வர்றா என் வீட்டுக்கு? அக்கம்பக்கத்துப் பண்ணையெல்லாம் வித்துட்டுப் போயாச்சு."

"சரி," என்றாள் மார்கிட் மெதுவாக. "ஆணி அடிச்ச அன்னிக்கு ஏணியைப் பிடிச்சுக்கிட்டு சுத்தியலை எடுத்துக் குடுத்தது யாரு?"

வெர்லின் அந்த மதியம் முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினார். தொப்பி மறைத்திருந்த நெற்றி, வெயிலே படாமல் குழந்தையின் நெற்றி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"வண்டியை எடு, கஸ்."

மணி இரண்டு ஐம்பது.

பிக்கப் வண்டியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். இருபுறமும் அறுவடையான சோளக்காடு. கஸ்ஸுக்கு இந்தச் சாலையின் ஒவ்வொரு குழியும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம்.

"ஐயா, ஒரு சந்தேகம். ஒன்பது வருஷம் சாலைத் துறையில இருந்தேன். உங்க பாலத்தைப் பத்தி ஒரு புகார்கூட வந்ததில்லையே?"

"நான் குடுக்கல."

"ஏன்?"

"அவங்களுக்கே தெரிய வேணாமா?"

"எப்படித் தெரியும்? நாங்க என்ன ஜோசியம் பாத்தா பாலம் கட்டறோம்?"

வெர்லின் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அவளும் இதையேதான் சொன்னா. அந்தப் பலகை இடுக்குல கால் மாட்டி, கணுக்கால் ஒடிஞ்சுது அவளுக்கு. கவுண்டிக்கு போன் பண்ணுன்னா. நாம யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னேன். கட்டுப் பிரிச்ச மறுநாள் பெட்டியோட போயிட்டா. பதினாலு வருஷம் ஆச்சு. ஆரெகன்ல அவ அக்கா இருக்கா. அங்கதான் இருக்கான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"அவங்க பேரு?"

"வெல்டா."

கஸ் விசிலடிக்க வாயைக் குவித்தான். மார்கிட்டின் முழங்கை விலாவில் இறங்கியதால் அது வெறும் காற்றாகப் போயிற்று.

8841 சின்ன வெள்ளை வீடு. வாசலில் பச்சை நிற எண் பலகை பளபளத்தது. வேலியோரம் கவுண்டி விநியோகிக்கும் நாற்றுகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து வரிசையாக நின்றன. மழைமானியும் இருந்தது, சதுப்பு நிலக் களைச்செடி பற்றிய விழிப்புணர்வுப் பலகையும் இருந்தது. கவுண்டி எதையெல்லாம் தருமோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் வாங்கிவிட்ட வீடு.

வண்டி நின்றதுதான் தாமதம், வேலிக்குள் குரைப்பு வெடித்தது. அதைத் தொடர்ந்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"வெர்லின்! வாயை மூடு! வேலியைத் தாண்டினே, காலை ஒடிச்சுடுவேன்!"

கேட்டில் கை வைத்திருந்த வெர்லின் சோர்பி அப்படியே உறைந்துபோனார்.

பழுப்பு நிறத்தில், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும், பீப்பாய் உடம்போடு ஒரு நாய் கேட்டுக்கு வந்து அவருடைய பூட்ஸை மோந்து பார்த்தது. கஸ் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினான். கோபம் உடனே அடங்கியது. குனிந்து, கழுத்துப்பட்டையில் தொங்கிய கவுண்டி தகட்டைத் திருப்பிப் படித்தான்.

"பாஸ், பேரைத் திருடினவன் சிக்கிட்டான். கையும் களவுமா. கைதான் இல்ல, நாலும் கால்."

மார்கிட் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "வெள்ளப் படிவத்துல வளர்ப்புப் பிராணிக்குத் தனிப் பத்தி உண்டு. தட்டச்சு பண்ணின புண்ணியவான் பேருங்கிற இடத்துல நாயோட பேரையும், குடும்பப் பேருங்கிற இடத்துல இந்த வீட்டு அம்மாவோட குடும்பப் பேரையும் அடிச்சிருக்கான். எட்டு வருஷமா இது டோவ்ரே கவுண்டியோட குடிமகன்!"

"அதுவும் உதாரண குடிமகன்," என்றான் கஸ்.

சிரிப்பில் கலந்துகொள்ளாத ஒருவர் கேட்டருகே நின்றார். கலந்துகொள்ளாத இன்னொருத்தி வாசற்படியில் வந்து நின்றாள். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கையில் மாவு. யாரைப் பார்க்கிறோம் என்று புரிந்ததும் அந்தக் கையை ஏப்ரனில் துடைக்க ஆரம்பித்தவள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆரெகன்ல இருக்கேன்னு நெனச்சேன்," என்றார் வெர்லின்.

"இருந்தேன். மூணு மாசம். ஒரே மழை, பிடிக்கல."

"ஒன்பது மைல்ல இருந்துக்கிட்டு..."

"ஒன்பது மைல்தானே? தேடினியா நீ? யார்கிட்டயாவது கேட்டியா?"

அவர் தரையைப் பார்த்தார். பிறகு, பேச்சை மாற்ற வேறு வழி தெரியாமல் நாயைப் பார்த்தார். "என் பேரையா நாய்க்கு வைப்பே?"

"கூப்பிட்டா வரமாட்டான். சொன்னா கேக்கமாட்டான். ஆனா கெட்டவன் இல்ல. வேற என்ன பேரு வைக்கிறது?"

மார்கிட் குறுக்கே புகுந்தாள். "வெல்டா அம்மா, இது நாய்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. ஆனா இவர் அந்த வீட்டுலதான் இருக்கார்ங்கிறதுக்குக் காகிதம் இல்லாத குறை அப்படியே இருக்கு. அஞ்சு வருஷமா அங்க இருக்கார்னு, பதிவேட்டுல பேர் உள்ள ஒருத்தர் சத்தியம் பண்ணினா போதும். உங்க பேர் அதுல இருக்கு. நாலரைக்குள்ள வரணும்."

வெல்டா கைகளைக் கட்டிக்கொண்டாள். "அவன் வாயால கேக்கட்டும்."

வெர்லினின் தாடை இரண்டு தடவை அசைந்தது. கஸ் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு மனிதனுக்காக வேண்டிக்கொண்டான். சொல்லுங்க ஐயா, ஒரே ஒரு வார்த்தை!

வெர்லின் தொப்பியை மாட்டினார். "போகலாம்," என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

"ஏப்ரல் வரைக்கும் பனி, ஐயா!" என்று கத்தினான் கஸ். அவர் திரும்பவில்லை.

படியில் கதவு படாரென்று சாத்தப்பட்டது. முடிந்தது கதை என்று கஸ் சாவியைத் திருகினான். கதவு மறுபடி திறந்தது. வெல்டா கோட்டும் கைப்பையுமாக வந்து, வெர்லினை இடித்துத் தள்ளிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"பதினாலு வருஷம் கழிச்சும் அதே மண்டை! உனக்காக வரேன்னு நெனச்சுக்காதே. அன்னிக்கு ஆம்புலன்ஸ் என் வாசல்ல வந்து நின்னுது. உன் பேரைச் சொன்னாங்க. இருபத்திரண்டு நிமிஷம் என் வாசலால வீணாப்போச்சு. நீ பிழைச்சேன்னு தெரியற வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு தினம் போன் பண்ணேன், கவுண்டி நர்ஸ் பேசறேன்னு பொய் சொல்லி. இன்னொரு தடவை என்னால அது முடியாது."

நகரம் வரை நான்கு பேர் மூன்று பேருக்கான சீட்டில் இருந்ததால், கோபித்துக்கொண்டு தள்ளி உட்காரவும் இடமில்லை.

மணி நாலு இருபத்தொன்றுக்கு ஜன்னலுக்கு வந்துசேர்ந்தார்கள். மார்கிட் நாயின் கதையை நாலே வரியில் சொன்னாள். டெல்மா திரையைப் பார்த்தாள், நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கடவுளே! எட்டு வருஷமா 'மதிப்பிற்குரிய திரு. சோர்பி அவர்களுக்கு'ன்னு கிறிஸ்துமஸ் வாழ்த்து வேற அனுப்பியிருக்கோம்."

"படிச்சுக் காட்டினேன்," என்றாள் வெல்டா. "சந்தோஷப்பட்டான்."

சத்தியப் படிவம் மேசைக்கு வந்தது. டெல்மா பேனாவைத் திறந்தாள். "இவருக்கு நீங்க என்ன வேணும்?"

"பொண்டாட்டி."

டெல்மாவின் பேனா நின்றது. "விவாகரத்து...?"

"படிவம் வாங்கிட்டுப் போனேன். நிரப்பல."

மார்கிட் கஸ்ஸைப் பார்த்தாள். கஸ் கூரையைப் பார்த்தான்.

"இதைக் கேட்டே ஆகணும், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வேற வீட்டுல இருக்கீங்க. அஞ்சு வருஷமா இவர் அங்கதான் இருக்கார்னு உங்களுக்கு நேரடியா எப்படித் தெரியும்?"

வெல்டா கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். பிறகு, பக்கத்தில் நிற்கிறவர் அங்கே இல்லாதது போல, கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்த டெல்மாவிடம் மட்டும் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும், தானியக் கிடங்கு வழியா சுத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அந்த மேட்டுல வண்டியை நிறுத்தினா இவன் சமையலறை ஜன்னல் தெரியும். தொப்பி நடமாடுதான்னு பாப்பேன். தொப்பி தெரிஞ்சா போயிடுவேன். பனிக்காலம், வெயில்காலம் எல்லாம். அஞ்சு வருஷம் என்ன, பதிமூணு வருஷத்துக்குச் சத்தியம் பண்றேன். எழுதிக்கோங்க."

டெல்மா எழுதினாள். கொஞ்சம் கோணலாகத்தான் எழுதினாள். முத்திரை டமாரென்று விழுந்தபோது மணி நாலு இருபத்தெட்டு. டோவ்ரே கவுண்டியில் இப்போது ஒரே ஒரு வெர்லின் சோர்பி இருந்தார். இன்னொருவர் பிராணிகள் பத்திக்கு மாற்றப்பட்டார்.

வெல்டா கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டடி போனவள், திரும்பாமலே சொன்னாள்.

"திரும்பி வரேன்னு நெனச்சுக்காதே. என் வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. செவ்வாக்கிழமை கவுண்டி பஸ் ஆத்துக்கு ரெண்டு பக்கமும் சுத்தும். லைப்ரரி, அப்புறம் ஸ்கூல் பக்கத்து கஃபேல சாப்பாடு. நான் அதுலதான் வருவேன். ஆனா உன் வாசலுக்கு அது தானா வராது. முந்தின நாளே போன் பண்ணி வாங்கன்னு கேட்டாத்தான் வரும்."

அவள் நடந்து போய்விட்டாள். அவளுடைய காலணிச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. அலுவலகக் கடிகாரம் நாலரையைத் தொட்டது. ஒரு நாளும் ஒரு நிமிஷம் தவறாத டெல்மா, ஜன்னலின் ஷட்டரை இழுத்தாள். அது கரகரவென்று இறங்கியது.

வெர்லின் சோர்பி மூடிய ஷட்டரின் எதிரே நின்றார். அவர் காதுகள் சிவந்திருந்தன. கையைத் தூக்கினார், இறக்கினார். மறுபடி தூக்கி, கஸ்ஸுக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

"ஏம்மா... அந்த பஸ்ஸு. அதுக்கு எந்த நம்பர்ல கேக்கணும்?"

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. நாலரைக்கு இறங்கிய டெல்மாவின் ஷட்டர் மறுபடி மேலே ஏறியதைத் தன் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்ததாக, வண்டிக்குத் திரும்பும் வழியில் மார்கிட் சொன்னாள்.